‘டொக்’ என்று பதில் சொல்லும் முட்டி

மேசைக்கு வெளியே ஒரு செயற்கைக் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தொடைப் பகுதியை முன்னால் ஒரு தள்ளு தள்ளினேன். முட்டிக்குக் கீழே இருந்த பகுதி முதலில் பின்தங்கியது. பிறகு தானாக வீசிக்கொண்டு முன்னால் வந்து, நேராகி, ‘டொக்’ என்று நின்றது. மறுபடி தள்ளினேன். மறுபடி ‘டொக்’. மெல்லத் தள்ளினால் கொஞ்சமாக மடங்கியது. வேகமாகத் தள்ளினால் உயர மடங்கி, அதற்கேற்ற நேரம் எடுத்துக்கொண்டு வந்தது. நான் அசைத்தது தொடையை மட்டும்தான். கீழ்க்காலுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. ஒரு கீல், ஒரு ஸ்பிரிங், ஒரு திருகு, ரப்பர் பாதம். இவ்வளவுதான்.

நாற்பது முறையாவது தள்ளியிருப்பேன். டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. பின்னாலிருந்து சேவியர் சார் குரல் வந்தது.

“இன்னாமா சுகந்தி, உக்காந்துகினு காலாட்டக் கூடாதுன்னு உங்க வூட்ல சொல்லலியா?”

“இது என் கால் இல்ல சார்.”

“அப்ப இன்னும் தப்பு. அடுத்தவங்க கால ஆட்டுற.”

“சார், இது கணக்கு போடுது சார்.”

அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிபன் பாக்ஸைப் பார்த்தார். “மொதல்ல சாப்புடு. பசியில அப்பிடித்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பல வருடங்களுக்கு முந்தைய அந்த மதியத்திலிருந்து நான் தேறவே இல்லை.

போன மாதம் எனக்குப் பணி ஓய்வு விழா நடந்தது. வயது முப்பத்து நான்கு. சிரிக்காதீர்கள். வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் வழியில் இருக்கிற எங்கள் செயற்கைக் கால் பட்டறையை நடத்தும் அறக்கட்டளைக்கு, ஆளை வழியனுப்ப ஒரே ஒரு முறைதான் தெரியும்: சால்வை, லட்டு, குரூப் போட்டோ, ‘பணி ஓய்வு பெறும்’ என்று தொடங்கும் பேனர். வேலையை விடுவதற்கு வேறு பேனர் அச்சடித்ததில்லையாம். பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். என் அம்மா முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டறை மாறிவிட்டது. இப்போது மாவுக்கட்டில் அச்செடுப்பதில்லை. கேமராவைச் சுற்றிக் காட்டினால் கம்ப்யூட்டரில் அச்சு வந்துவிடுகிறது. சிப் வைத்த முட்டிகள் வந்துவிட்டன, இரவு சார்ஜ் போட வேண்டும். அற்புதமான சாமான்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்து மூன்று நாள் கிறங்கிக் கிடந்தேன். என்னோடு இருந்த இரண்டு ஜூனியர் பெண்கள்தான் கேட்டார்கள்: “அக்கா, சார்ஜ் போடாத முட்டிய பத்தி எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. நீங்களாவது எழுதிட்டுப் போங்க.” ஆகவே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாலரை வருடம் படித்தேன். அதில் பாதி நேரம் தலைமுடியில் மாவு, மீதி நேரம் நகத்தில் பிசின். ஊசல் கணக்கு ஒன்று போட்டேன், தப்பாக வந்தது. அதே ஊசல் என் கையில் ‘டொக்’ என்று சரியாக வந்தபோதுதான் எனக்கு ரோஷம் பிறந்தது.

நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், கணக்கு என்றதும் நமக்கு எண்களும் பொத்தான்களும் நினைவுக்கு வருகின்றன. எண்களை விட்டுத் தள்ளுங்கள். கேள்வி ஒன்று உள்ளே போக வேண்டும், பதில் ஒன்று வெளியே வர வேண்டும். தொடை எவ்வளவு வேகமாக வருகிறது என்பது கேள்வி. கீழ்க்கால் எப்போது நேராகும் என்பது பதில். நடுவில் இருப்பவை பாதத்தின் எடை, காலின் நீளம், கீலின் இறுக்கம், ஸ்பிரிங்கின் இழுப்பு. தாளில் எழுதினால் எனக்கு அரை நாள் ஆகும் வேலையை, முட்டி ஓரடி வைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது. அதுமட்டுமில்லை, போன அடியில் எவ்வளவு வீசியது என்பது அடுத்த அடியிலும் கொஞ்சம் தெரியும். அதாவது கொஞ்சம் ஞாபகமும் உண்டு.

இதைச் சாரிடம் சொன்னேன். அவர் முட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அப்ப மாடியிலேர்ந்து கல்லு வுழுந்தாலும் கணக்குதானா?”

“யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றேன்.

“யோசி. கல்லு வுழறதுக்குள்ள சொன்னா போதும்.”

சேவியர் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பட்டறையின் தலைமை அவர்தான். ஒடிசலான மனிதர். தினமும் வெள்ளை கேன்வாஸ் ஷூ, அதில் ஒரு பொட்டு மாவு ஒட்டியிருந்தால் அன்றைக்கு யாருக்கோ திட்டு விழும். புதுக் கால் போட்டவரை நாங்கள் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நடக்கவிடுவோம். வழவழப்பான டைல்ஸ் தரை, பத்தடி போய் பத்தடி வர வேண்டும். எல்லாப் பட்டறையிலும் தலைமைக்காரர் காலையே உற்றுப் பார்ப்பார். சார் பார்க்க மாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரில் மாதா படம் போட்ட காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். விரலால் தன் முட்டியில் தாளம் தட்டுவார்.

சேர்ந்த புதிதில் இது ஏதோ வித்தை என்று நினைத்தேன். விஷயம் வேறு. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பு ஒடிய ஒடிய நடப்பதை ஓர் ஆண் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் நடக்கவே மாட்டார்கள், ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆகவே அவர் ஒரு காலத்தில் திரும்பி உட்கார்ந்தார். திரும்பி உட்கார்ந்தே காதைப் பழக்கினார். “இடது குதிகால் சீக்கிரம் விழுது. சாக்கெட்ட ரெண்டு நூல் உள்ள தள்ளு” என்று காலண்டரிடம் சொல்வார். (மிச்சமுள்ள காலைச் செருகும் குவளைதான் சாக்கெட்.) அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். பார்வை வேலை என்னுடையது, காது வேலை அவருடையது. பதினோரு ஆண்டுகளில் அவர் ஒரு பெண்ணின் நடையையும் நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. அந்த மரியாதைதான் ஒருமுறை எங்களைக் கவிழ்த்தது.

லூர்துமேரி அக்கா வந்த கதை அது.

வில்லியனூரைச் சுற்றியிருக்கும் பங்குக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். நாற்பதைத் தாண்டியவர், கட்டையான உடம்பு, கணீரென்ற குரல். பவர் டில்லரில் சிக்கி வலது கால் முட்டிக்கு மேலேயே போய்விட்டது. அதற்கு முன்பு பதினான்கு பெண்கள் கொண்ட நடவுக் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. எந்தக் கழனிக்கு எப்போது போவது, யார் எந்தப் பாத்தி, யார் பாட்டெடுப்பது எல்லாம் அவர் சொல்தான்.

முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“பாப்பா, சேத்துல எறங்கி நட முடியாதுன்னு எனக்கே தெரியும். ஆனா நாத்தங்கால்லேர்ந்து நாத்து தூக்கினு வரப்பு மேல வந்து வீசணும். மேஸ்திரி வேலைன்னா அதான். அத்த நான் செய்யலன்னா பச்சையம்மா செய்வா. ஒரு நடவுப் பட்டம் அவ தூக்கிட்டான்னா அப்பால கூட்டம் அவ பின்னாடி போய்டும். சம்பா நடவுக்கு எனுக்குக் காலு வேணும்.”

நடவுக்கு ஆறு வாரம் இருந்தது. மருத்துவரும் கொஞ்சம் சுமை தூக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் அச்செடுத்தோம், சாக்கெட் செய்தோம், முட்டி பொருத்தினோம். மூன்றாம் வாரமே கம்பியை விட்டுவிட்டு நடந்தார். நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டொக்குனு அடிக்குது” என்றார் சார். “கீல இறுக்கு.”

ஆலன் கீயை எடுத்துத் திருகைக் கால் சுற்று இறுக்கினேன். சத்தம் குறைந்தது.

“இன்னும்.”

இன்னொரு கால் சுற்று. கீழ்க்கால் இப்போது பூனைபோல் வந்து நின்றது. சத்தமே இல்லை. நடை ஒரே சீராக இருந்தது. சார் தன் முட்டியில் தட்டிய தாளமும் அந்த நடையும் ஒன்றாகப் போயின. அவர் படிவத்தில் ‘நடை: நன்று’ என்று எழுதினார். அவர் ‘நன்று’ எழுதுவது அபூர்வம். லூர்துமேரி அக்கா சாருக்கு ஒரு கும்பிடு போட்டார். சார் காலண்டரிலிருந்து திரும்பி, தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டார்.

நடவு தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் பட்டறை வாசலில் ஆட்டோ நின்றது. அக்கா ஊன்றுகோலோடு உள்ளே வந்தார். புடவையில் இடுப்பு உயரத்துக்குச் சேறு, தாடையில் சிராய்ப்பு. செயற்கைக் காலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதைச் சாருடைய மேசைமேல் வைத்தார். வெள்ளை ஷூவில் சேறு தெறித்தது. சார் ஷூவைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“இன்னா சார் காலு குடுத்தீங்க? சும்மா நடந்தா நடக்குது. நாத்த தூக்குனா மடங்குது. மூணு தபா வுழுந்தேன். ‘மேரி, புதுக் காலு உன்ன குளிப்பாட்டுதாடி’ன்னு கேக்குறா பச்சையம்மா. பதிமூணு பேரும் சிரிக்கிறாளுங்க. உங்க காலு உங்க டைல்ஸுக்குத்தான் ஆவும். வரப்புக்கு ஆவாது.”

சார் படிவத்தை எடுத்தார். ‘தொழில்’ என்ற இடத்தில் என் கையெழுத்தில் ‘விவசாயக் கூலி’ என்று இருந்தது. அதற்குமேல் எதுவும் இல்லை. அடுத்த கேள்வி ‘வீட்டில் படிக்கட்டு உண்டா?’

“நாளைக்கு ஒரு நாள் குடும்மா” என்றார்.

“நாளைக்குதான் பெரிய கழனி. நாளைக்குப் பச்சையம்மா தூக்குவா.” அக்காவின் கணீர்க் குரல் முதல் தடவையாக உடைந்தது. “நாளன்னிக்கு வந்து நான் இன்னாத்த தூக்க?”

அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, நான் அவருடைய காலைக் கழுவி, மேசைக்கு வெளியே நீட்டித் தொங்கவிட்டேன். பழைய விளையாட்டுத்தான். மெல்லத் தள்ளினேன். கீழ்க்கால் அழகாக, சத்தமின்றி, நேராகி நின்றது. வேகமாக, அடுத்தடுத்துத் தள்ளினேன். கீழ்க்கால் வந்து சேர்வதற்குள் அடுத்த தள்ளு வந்துவிட்டது. அது பாதியில் மடங்கியபடியே இருந்தது. அந்த நேரத்தில் உடம்பின் எடை அதன்மேல் ஏறினால்? மடங்கும். விழ வேண்டியதுதான்.

“அக்கா, நாத்துக்கட்டு தலைல இருந்தா எப்படி நடப்பீங்க?”

“எப்பிடி நடப்பாங்க? நடப்பாங்களா? ஓட்டமும் நடையுமாத்தான் போவாங்க. கழுத்து நோவும்ல. மெதுவாப் போனா நாத்து தண்ணியெல்லாம் மூஞ்சில வழியும்.”

நான் சாரைப் பார்த்தேன். சார் ஏற்கெனவே எழுந்திருந்தார்.

எங்கள் தப்பு அங்கேதான் இருந்தது. இரட்டைக் கம்பிக்கு நடுவே அக்கா வெறுங்கையோடு, வெறுந்தலையோடு, கூச்சத்தோடு, கோயிலுக்குள் நடப்பதுபோல் நடந்தார். நாங்கள் அந்த வேகத்துக்கு முட்டியைப் பழக்கினோம். யோசித்துப் பாருங்கள், இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் பெண் வரப்புமேல் வெறுந்தலையோடு நடந்ததே கிடையாது. புல்லுக்கட்டு, நாற்றுக்கட்டு, சோற்றுக்கூடை, ஏதோ ஒன்று எப்போதும் மேலே இருந்திருக்கிறது. அவருடைய இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் அந்த எடையோடு சேர்ந்துதான் நடையைப் போட்டுப் பழகியிருக்கின்றன. அந்தக் கணக்கில் பாதியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மீதிக்குக் கால் செய்து கொடுத்திருக்கிறோம்.

“சார், திருகத் தளத்தணும். அரைச் சுத்து. ஸ்பிரிங்க இறுக்கணும். பாதத்துக்கு அந்த கனமான ரப்பர் வேணாம், லேசானது போடலாம். அடியில கனம் குறைஞ்சா சீக்கிரம் வீசும்.”

“தளத்துனா டொக்குனு அடிக்கும்.”

“அடிக்கட்டும் சார்.”

“அடிச்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கம்மா. நொண்டி வர்றான்னு சத்தம் போட்டுச் சொல்ற மாதிரி இருக்கும். முப்பது வருசமா அந்த சத்தத்த நிறுத்தத்தான் நான் காதத் தீட்டி வெச்சிருக்கேன்.”

அவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு அவருடைய ‘இறுக்கு’ எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு லூர்துமேரி அக்காதான் பேசினார்.

“சார், மொத வாரம் டொக்குனு சத்தம் வந்துச்சுல்ல, அப்ப எனுக்கு தைரியமா இருந்துச்சு. சத்தம் கேட்டா காலு நேரா வந்துடுச்சுன்னு அர்த்தம், வெயிட்ட வுடலாம்னு. நீங்க நிறுத்துனப்பறம் கீழ குனிஞ்சு பாத்துப் பாத்துதான் வெச்சேன். தலைல கட்டு இருந்தா எப்பிடி சார் குனியறது?”

முட்டி கணக்குப் போடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அது போட்ட விடையை வாய்விட்டுச் சொல்கிறது என்பதும், அக்கா அதைக் கேட்டுத்தான் அடுத்த அடியை வைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அந்த வாயைத்தான் ஆலன் கீயால் மூடியிருக்கிறேன்.

சார் ஆலன் கீயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “இங்க வெச்சு இனிமே ஒண்ணும் செய்ய வேணாம். கழனிக்குப் போலாம்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே பெரிய கழனியில் இருந்தோம். வெள்ளை ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சார் வரப்பில் வெறுங்காலோடு வந்ததைப் பார்த்து நடவுப் பெண்கள் கூடிக் கூடிச் சிரித்தார்கள். பச்சையம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இன்னாடி மேரி, மெக்கானிக்கையே கூட்டினு வந்துட்ட. வழியில பஞ்சரானா ஒட்டுவாரா?”

“ஒட்டுவாரு. உன் வாய்க்கும் ஒரு ஒட்டு போடச் சொல்றேன், இரு.”

நாற்றங்கால் ஓரத்தில் உட்காரவைத்துப் பாதத்தை மாற்றினேன். ஸ்பிரிங்கை இறுக்கினேன். திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். அக்கா சும்மாட்டைச் சுற்றி வைத்தார். முதலில் அரைக் கட்டுத்தான் என்று நான் கெஞ்சினேன், கேட்டார், முணுமுணுத்துக்கொண்டே. நீர் சொட்டச் சொட்ட நாற்றைத் தூக்கி வைத்தார்கள். கழனிப் பக்கம் விழுந்தால் பிடிக்க நான் சேற்றில் இறங்கிக்கொண்டேன். சார் வழக்கம்போலத் திரும்பி நின்றுகொண்டார். வானத்தைப் பார்த்தபடி.

அக்கா போனார். பத்தடிகூட இருக்காது, தடுமாறினார், கட்டு சரிந்தது, நான் தோள் கொடுத்தேன். விழவில்லை. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சார் திரும்பினார். ஆனால் அக்காவைப் பார்க்கவில்லை. குனிந்து வரப்பைப் பார்த்தார்.

“சுகந்தி, இங்க வா. இத்த பாரு.”

வரப்பின் காய்ந்த மண்ணில் நாற்றிலிருந்து சொட்டிய நீர் புள்ளிபுள்ளியாகக் கிடந்தது. முதல் ஏழெட்டு அடிக்குப் புள்ளிகள் ஒரே கோட்டில் போயின. பிறகு வலப்பக்கம் ஒரு கொத்து, இடப்பக்கம் ஒரு கொத்து, அப்புறம் பெரிய சிதறல். எங்கே கால் பிந்தியது, எங்கே உடம்பு அதை ஈடுகட்ட ஆடியது, எங்கே ஈடுகட்ட முடியாமல் போனது, எல்லாம் அடி அடியாக எழுதிக் கிடந்தது. எத்தனையோ முறை நடவைப் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. மனிதர் திரும்பி நின்றே பழகியதால், ஆள் போன பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியிருக்கிறது.

“வேகம் எடுத்தப்பறம்தான் வலப்பக்கம் சாயுது. இன்னும் தளத்து” என்றார்.

“டொக்குனு அடிக்கும் சார்.”

“அடிக்கட்டும்மா.”

இன்னொரு கால் சுற்று. மறுபடி கட்டு ஏறியது. டொக். டொக். டொக். மண் வரப்பில் மறுகாலின் ஓசையே கேட்கவில்லை. முட்டி மட்டும் பேசிக்கொண்டு போனது. இருபதடி, முப்பதடி. அக்காவின் கழுத்து அசையவில்லை, இடுப்பு ஒடியவில்லை. வெறுந்தலையோடு நடக்கும்போது இருந்த தயக்கம் கட்டு ஏறியதும் காணாமல் போய்விட்டது. கட்டு மேலே ஏறியதும் முதுகு நிமிர்ந்தது, முதுகு நிமிர்ந்ததும் தொடை ஒரே அளவாக வீசியது, தொடை ஒரே அளவாக வீசியதும் முட்டி தன் வேலையைச் செய்தது. மறுகோடியில் போய் அக்கா நின்றார். ஒரு நாற்று முடியை உருவி, பச்சையம்மாவின் காலடிக்குச் சரியாக வீசினார். சேறு பச்சையம்மாவின் முகத்தில் தெறித்தது.

“நடுடி” என்றார்.

பச்சையம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் என்ன நடக்குமோ என்று இருந்தது. பிறகு குனிந்து முடியை எடுத்துப் பிரித்தார். “டொக்கு டொக்குனு வா. தூங்கறவள எழுப்பறதுக்காவது ஆவும்” என்றார். கூட்டம் முழுவதும் குனிந்து நட ஆரம்பித்தது.

சார் வரப்போடு மெதுவாக நடந்துகொண்டிருந்தார், கண் மண்ணில். புதுப் புள்ளிக்கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூல் பிடித்ததுபோல் போயிருந்தது. கடைசிப் புள்ளியில் நின்று, ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படிவத்தை எடுத்தார். பழைய ‘நன்று’ என்பதை அடித்துவிட்டு, ‘சுமையோடு: நன்று’ என்று எழுதினார். ‘தொழில்’ என்பதற்குக் கீழே பேனாவால் ஒரு புதுக் கோடு போட்டு, புதுக் கேள்வி ஒன்றை எழுதினார்: ‘தலையில் என்ன சுமப்பீர்கள்?’ இன்றைக்கும் எங்கள் படிவத்தில் அது இருக்கிறது. இப்போது அச்சிலேயே.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்கு நின்றபோது நான் சொன்னேன்: “சார், கல்லு விஷயம். கல்லு விழுந்தா அது யாருக்கும் பதில் இல்ல. முட்டிகிட்ட நாம திருக வெச்சு பதில மாத்த முடியுது, அது சொல்ற பதில வெச்சு ஒருத்தர் அடுத்த அடி வெக்கறாங்க. அப்பதான் அது கணக்கு.”

சார் பஸ் வரும் அரியூர்ப் பக்கம் எட்டிப் பார்த்தார். “அப்ப இத்தனை வருசம் காலு போட்டவங்கதான் கேட்டுனு இருந்தாங்க. நம்பதான் கேக்கல” என்றார். பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வில்லியனூர் மார்க்கெட்டில் கடலை விற்கும் ஒருவர், முட்டிக்குக் கீழே ரப்பர் கால் போட்டவர், ஒருநாள் பெருமையாகச் சொன்னார்: “கண்ண மூடினு கூட்டினு போ. தார் ரோடா, சிமெண்டா, ஜல்லியான்னு சொல்றேன். ரப்பரு சொல்லும்.” நான் என் கைப்பேசியை அவர் காலில் துணியால் கட்டி, அதன் அசைவைப் பதிவு செய்து, அவரைக் கண்ணை மூடி நடக்கவிட்டேன். அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. கைப்பேசிப் பதிவைப் பார்த்தால் தார் ஒரு மாதிரி துடிக்கிறது, ஜல்லி வேறு மாதிரி. என் கண்ணுக்கே பிரித்துச் சொல்ல முடிந்தது. உணர்கருவி எதுவும் இல்லாத ஒரு ரப்பர்த் துண்டு தரையை அடையாளம் கண்டு, சாக்கெட் வழியாக அவருடைய மிச்சக் காலுக்குச் சொல்லிவிடுகிறது. நடுவீதியில் கைதட்டினேன். கடலை ஒரு பொட்டலம் இனாமாகக் கிடைத்தது.

சிப் வைத்த முட்டிகளை நான் குறை சொல்லவில்லை. அவற்றுக்குள்ளும் எடையும் ஸ்பிரிங்கும் பாதி வேலையைச் செய்துவிட்டுத்தான் மீதியைச் சிப்பிடம் கொடுக்கின்றன. ஆனால் எங்களுக்கு வந்தவை சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் நனையக் கூடாதவை. எனக்கு நனையும் இடங்களில்தான் வேலை இருக்கிறது. ஆகவேதான் சால்வை, லட்டு, போட்டோ.

பிள்ளைச்சாவடியில் ஓர் அக்கா இருக்கிறார். முட்டிக்குக் கீழே கால் இல்லை. படகு வந்ததும் கரையிலிருந்து மீன்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு மணலில் ரோட்டுவரை வர வேண்டும். மணல் வரப்பைப் போல இல்லை. மிதித்தால் தானும் நகரும். அதனால் மணலைப் போலவே நடந்துகொள்ளும் பாதம் ஒன்று செய்திருக்கிறேன். சைக்கிள் டியூபை வெட்டி, உள்ளே கேழ்வரகைத் திணித்து, இரண்டு முனையையும் ஒட்டினேன். மிதித்தால் கேழ்வரகு ஒன்றோடொன்று இறுகிக் கல்லாகிறது. தூக்கினால் தளர்ந்து, அடுத்த பள்ளத்துக்கு ஏற்ப உருமாறிக்கொள்கிறது. வீட்டு மொட்டைமாடியில் மணல் கொட்டி, என் காலிலேயே கட்டிப் பார்த்தேன். மூன்று முறை பிய்ந்தது. நான்காவது பிய்யவில்லை. அம்மா கேழ்வரகு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை படகு வரும் நேரத்துக்குப் போகிறோம். ‘தலையில் என்ன சுமப்பீர்கள்?’ என்ற கேள்வியைப் போனிலேயே கேட்டுவிட்டேன். மீனும் ஐஸும் சேர்த்து ஒரு கூடை, ரோடு வருவதற்குள் பாதி ஐஸ் உருகிவிடும் என்றார். அப்படியென்றால் வழியெல்லாம் சொட்டும். மணலில் அது நன்றாகவே தெரியும். சேவியர் சாரை வரச் சொல்லியிருக்கிறேன், ஷூ வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அவர் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ளட்டும். அக்கா போய்ச் சேர்ந்ததும் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து படிப்போம்.